வாய் திறந்தால் விசா தங்கும்

பிள்ளைக்கு ஆஸ்திரேலிய மாணவர் விசா கிடைத்த அன்று நம் வீடுகளில் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயிலில் ஓர் அர்ச்சனை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம், பெரியம்மா, சித்தி, மாமா என்று எல்லாரிடமிருந்தும் வாழ்த்து. இப்போது கடவுச்சீட்டில் ஒட்டும் முத்திரை எதுவும் கிடையாது. மின்னஞ்சலில் ஒரு கடிதம்தான் வரும். விசா கிடைத்துவிட்டது என்ற வரியைப் படித்ததும் கைப்பேசியை மூடிவிடுகிறோம். அதற்குக் கீழே 8105, 8202, 8501, 8533 என்று சில எண்கள் வரிசையாக இருக்கும். அவற்றைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை.

அந்த எண்கள்தான் நிபந்தனைகள். விசா கையில் தங்குமா, பறிபோகுமா என்பது அவற்றில்தான் இருக்கிறது.

வானொலியில் தேர்வு முடிவுகள் வரும் பருவத்தில் மேற்படிப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்விகள் ஒரே மாதிரி. விசா கிடைக்குமா? எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? எந்த ஏஜெண்டு நல்லவர்? 'கிடைத்த விசாவை எப்படித் தக்கவைப்பது?' என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஓர் இரவு நிகழ்ச்சி முடிந்தபின் ஓர் அம்மாவின் குரல் பதிவு வந்தது. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"தம்பி, மவன் ரெண்டு மாசமா க்ளாஸுக்கே போகலயாம். இப்பதான் சொல்றான். யூனிவர்சிட்டில லெட்டர் கொடுத்துட்டாங்களாம். விசா போயிடுமா தம்பி?"

பையன் மெல்பர்னில் இரண்டாம் ஆண்டு. முதல் பருவத்தில் நான்கு பாடங்களில் மூன்றில் தோல்வி. அதை வீட்டில் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் படுக்கையை விட்டு எழுவதே பாரமாகிவிட்டது. பல்கலைக்கழக மின்னஞ்சலைத் திறப்பதை நிறுத்திவிட்டான். அழைத்துப் பேசிய அம்மாவிடம் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் "எல்லாம் ஓகேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் கதை என்னவானது என்பதைச் சொல்வதற்கு முன், அந்த எண்கள் என்ன கேட்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

8202 என்பது படிப்பு பற்றியது. பதிவுபெற்ற படிப்பில் மாணவர் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும். தேர்ச்சியும் வருகையும் திருப்தியாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் தேர்ச்சியைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். வெளிநாட்டு மாணவர் ஒருவர் படிப்பை விட்டாலோ, தேர்ச்சியில் தொடர்ந்து பின்தங்கினாலோ அதை அரசாங்கத்துக்குத் தெரிவிப்பது பல்கலைக்கழகத்தின் சட்டப்படியான கடமை. அதற்கென்றே பிரிஸ்ம்ஸ் என்ற கணினி முறை இருக்கிறது. பேராசிரியர் நல்லவர், விட்டுவிடுவார் என்ற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது.

இதே நிபந்தனையில் இன்னொரு பொறியும் உண்டு. இளங்கலைப் படிப்புக்கு விசா வாங்கிப் போனவர், "அங்கே கட்டணம் குறைவு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு டிப்ளோமாவுக்கு மாறினால், அது கீழ்நிலைப் படிப்பு. அதற்குப் புதிதாக விசா எடுக்க வேண்டும். எடுக்காமல் மாறினால் நிபந்தனை மீறல். முக்கியப் படிப்பின் முதல் 6 மாதத்துக்குள் வேறு கல்வி நிலையத்துக்கு மாறுவதற்கும் பொதுவாகப் பழைய இடத்தின் சம்மதம் தேவை.

8501 மருத்துவக் காப்புறுதி. அங்கே இருக்கும் காலம் முழுவதும் அது நடப்பில் இருக்க வேண்டும். 8533 முகவரி. போய்ச் சேர்ந்த 7 நாளுக்குள் தங்குமிடத்தைக் கல்வி நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு மாறினாலும் அதே 7 நாள்தான். வாடகை கட்டுப்படியாகாமல் வருடத்துக்கு மூன்று வீடு மாறும் பிள்ளைகள் மறந்துவிடுவது இதைத்தான்.

8105 வேலை. இதில்தான் குழப்பம் அதிகம். கொரோனா நேரத்தில் தளர்த்தப்பட்ட வேலை நேரக் கட்டுப்பாடு 2023 ஜூலை 1 முதல் திரும்ப வந்துவிட்டது. வகுப்பு நடக்கும் காலத்தில் 2 வாரத்துக்கு 48 மணி நேரம். படிப்பு தொடங்கும் முன் வேலையே செய்யக்கூடாது. பருவ விடுமுறையில் வரம்பில்லை. ஆராய்ச்சி முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு, படிப்பு தொடங்கியபின் இந்த வரம்பு கிடையாது.

48 மணி நேரம்தானே, எளிதாகக் கணக்குப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். முதல் வாரம் 10 மணி நேரம், இரண்டாம் வாரம் 38. மொத்தம் 48, சரி. மூன்றாம் வாரம் 20 மணி நேரம் வேலை செய்கிறான். புதிய கணக்கு தொடங்கிவிட்டது என்று அவன் நினைக்கிறான். ஆனால் எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாலும் அடுத்த 14 நாளில் 48-ஐத் தாண்டக்கூடாது என்பதுதான் விதி. இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் சேர்த்தால் 58. நிபந்தனை மீறியாயிற்று. அவனுக்கே தெரியாது.

"நம்ம ஆளுதானே, கையில கொடுத்துடறேன், கணக்குல வராது" என்று சொல்லும் முதலாளிகளும் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். கையில் வாங்கினாலும் அது வேலைதான். அப்படிச் சேர்ந்த மாணவர், சம்பளத்தைக் குறைத்தாலும் வாய் திறக்க மாட்டார் என்பது அந்த முதலாளிக்குத் தெரியும். விசா நிலையைக் காட்டித் தொழிலாளரை மிரட்டிப் பணியவைப்பதை 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா குற்றமாக்கியிருக்கிறது. சுரண்டலைப் பற்றி உதவி கேட்டு முன்வருபவரின் விசாவுக்கு, சில நிபந்தனைகளுடன், பாதுகாப்பும் உண்டு. வேலை நியாயத்தைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஓம்புட்ஸ்மன் அலுவலகத்திடம் உதவி கேட்கலாம்.

ஆஸ்திரேலியா கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் பருவ விடுமுறையில் மட்டும்தான், அதுவும் சில துறைகளில் மட்டும்தான், வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விருந்தினராகப் போகும் இடத்தில் விதி இருப்பது உலக வழக்கம்.

இப்போது பையனிடம் வருவோம்.

அவனுக்கு வந்த கடிதம் விசா ரத்துக் கடிதம் கிடையாது. "உங்கள் தேர்ச்சி பற்றி அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப் போகிறோம்" என்ற முன்னறிவிப்பு. அந்தக் கடிதம் வந்தால் மேல்முறையீடு செய்ய மாணவருக்கு 20 வேலை நாள் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கான 2018ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறையிலேயே அது இருக்கிறது. அதற்கும் முன்பே, பின்தங்கும் மாணவரைக் கண்டுபிடித்து உதவ ஒரு வழிமுறையைப் பல்கலைக்கழகம் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. அவன் திறக்காமல் விட்ட மின்னஞ்சல்களில் இரண்டு அந்த உதவிக்கான அழைப்புகள்தான்.

அம்மா எனக்குக் குரல் பதிவு அனுப்பியபோது 20 நாளில் 11 நாள் போய்விட்டது. மெல்பர்னில் மாணவர் ஆலோசகராக இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் கேட்டேன். அவள் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்குக் காலையில வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லு. நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். டாக்டர்கிட்டயும் போகட்டும்."

போனான். மருத்துவர் கடிதம், பல்கலைக்கழக மனநல ஆலோசகரின் கடிதம், தானே எழுதிய ஒரு பக்க விளக்கம். மேல்முறையீடு ஏற்கப்பட்டது, அரசாங்கத்துக்கு அறிக்கை போகவில்லை. அடுத்த பருவத்துக்குப் பாடங்களைக் குறைத்தார்கள். அதனால் படிப்பு அரை ஆண்டு நீள்கிறது. சேர்க்கை உறுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், காப்புறுதியை நீட்டிக்க வேண்டும், இப்போதைய விசா முடிவதற்குள் புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது. 2025 ஜூலையில் 2,000 ஆஸ்திரேலிய டாலர் ஆகிவிட்டது. நம் பணத்தில் ஐயாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். சிறிய செலவு இல்லை. ஆனால் அறிக்கை போய் விசா ரத்தாகியிருந்தால், அடுத்து விண்ணப்பிக்க 3 ஆண்டு வரை தடை வரக்கூடும்.

அவனிடம் பிறகு ஒருமுறை பேசினேன். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்பா இபிஎஃப்ல இருந்து எடுத்த காசுண்ணா. அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. எப்படிண்ணா ஃபெயிலுனு சொல்றது?"

இந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுப்பது நம்மிடையே சாதாரணம். பெருமையும்கூட. ஆனால் அந்தத் தியாகத்தைப் பிள்ளை காதில் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, "கஷ்டம்னா சொல்லுப்பா" என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் விமானம் ஏற்றினால், அவன் எப்படிச் சொல்வான்? இந்த விதிகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முன்கூட்டிச் சொல்பவருக்குப் பல இடங்களில் வழி இருக்கிறது. சொல்லாமல் இருப்பவருக்கு எங்கேயும் வழி இல்லை.

நோய் வந்தால், வீட்டில் துக்கம் நேர்ந்தால் படிப்பை ஒத்திவைக்கவோ சிறிது காலம் நிறுத்தவோ அனுமதி கேட்கலாம். தகப்பனார் தவறிவிட்டார், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மூத்த மகன் இங்கே இருக்க வேண்டும். நம் சடங்கு அவர்களுக்குப் புரியாது என்று பேசாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். புரிய வைக்கத் தேவையே இல்லை. நெருங்கிய உறவின் மரணம் அங்கே ஏற்கப்படும் காரணம். மரணச் சான்றிதழோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். அனுமதி இல்லாமல் பருவத்தின் நடுவில் மூன்று வாரம் காணாமல் போனால், அதற்குக் காரணம் துக்கம் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

போகும் பிள்ளைகளுக்கு நான்கு சொல்கிறேன். பல்கலைக்கழக மின்னஞ்சலைத் தினமும் திற, பயமாக இருக்கும் நாளில் கண்டிப்பாகத் திற. வேலை நேரத்தை வாரவாரம் ஒரு நோட்டில் எழுது, எல்லா இரண்டு வாரத்தையும் கூட்டிப் பார். விசா முடியும் தேதி, காப்புறுதி முடியும் தேதி, சான்றிதழில் உள்ள படிப்பு முடியும் தேதி மூன்றையும் கைப்பேசியில் 3 மாதம் முன்கூட்டியே நினைவூட்டலாகப் போடு. விசா நிலவரத்தை உள்துறை அமைச்சின் விவோ என்ற இணையச் சேவையில் இலவசமாகப் பார்க்கலாம். விதிகள் மாறுகின்றன, அறைத்தோழன் சொன்னதை நம்பாமல் அமைச்சின் பக்கத்தில் பார். சிக்கல் வந்துவிட்டால் பல்கலைக்கழக அலுவலகம், அடுத்து பதிவுபெற்ற குடிநுழைவு ஆலோசகர் அல்லது வழக்கறிஞர். கல்லூரியில் சேர்த்துவிட்ட ஏஜெண்டு அந்த வேலைக்கு ஆள் இல்லை.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. இந்த ஞாயிறு வீடியோ அழைப்பில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டபிறகு, அந்த விசா கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். நிபந்தனைகளை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். படித்து முடித்ததும், "ஏதாச்சும் தப்பாப் போனா மொதல்ல எங்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் நிஜமாகவே ஏதாவது சொன்னால், திட்டாமல் இருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.