கோப்பை வைக்கலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது

திருப்பூர் மாவட்டம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் மூட்டைகளுக்கு நடுவே காத்திருக்கும் விவசாயிகளில் மூன்று பேரை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தால், ஒருவருக்காவது அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. தமிழக அரசு 2020இல் நடத்திய ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், மாநிலத்தின் வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். பிறகு இந்த நிலை ஓரளவு மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் ‘பிரஷர் மாத்திரை’யைத் தொடங்கிவிட்டு, பாதியில் விட்டுவிடும் பழக்கம் ஊர்ப்புறங்களில் இன்னும் போகவில்லை.

அப்படி விட்டவர்களில் சிலர் வந்து சேரும் இடம்தான் ஹிஜாமா. கப்பிங் என்றும், ரத்தம் குத்தி எடுப்பது என்றும் சொல்கிறார்கள். முதுகிலும் தோளிலும் கோப்பையைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் தோல் மேலெழும்பும். அத்தோடு நிறுத்தினால் அது உலர் முறை. தோலில் மெல்லியதாகக் கீறி, மீண்டும் கோப்பை வைத்து ரத்தத்தை வாங்கினால் அது ஈர முறை. யுனானி மருத்துவர்கள் இந்த ஈர முறையை ‘ஹிஜாமா பில் ஷர்த்’ என்பார்கள். முன்பு பெருநகரங்களில், பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் தெருக்களில் மட்டும் தெரிந்திருந்த இந்தச் சிகிச்சை இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டத் தழும்புகள் இதற்கு உலக அளவில் விளம்பரம் தேடித் தந்தன. அவர் அதை வைத்துக்கொண்டது தசை வலிக்காக. ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த மண்ணுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. சித்த மருத்துவம் வகுத்த 32 புறமருத்துவ முறைகளில் உறிஞ்சல், குருதி வாங்கல், அட்டை விடல் மூன்றும் உண்டு. கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை ஆகியவற்றால் ரத்தம் வாங்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதையும் விவரிக்கிறது. எனவே ‘வெளியிலிருந்து வந்த மூடநம்பிக்கை’ என்று இதை ஒரே வார்த்தையில் தள்ளுவது நியாயமாகாது. அப்படித் தள்ளும் மருத்துவரிடம் நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்லவும் மாட்டார். கோப்பை வைத்துக்கொண்டதை மறைப்பார், மாத்திரை நின்றுபோனதையும் சேர்த்தே மறைப்பார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சரி, கோப்பை வைத்தால் பிரஷர் இறங்குமா?

இறங்கும், கொஞ்ச காலத்துக்கு. சவூதி அரேபியாவில் உயர் ரத்த அழுத்தமுள்ள 80 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. 40 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஈர முறையில் ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று முறை கோப்பை வைத்தார்கள். மற்ற 40 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, கோப்பை வைத்தவர்களின் மேல் அழுத்தம் மற்றவர்களைவிட 8.4 புள்ளி குறைவாக இருந்தது. எட்டாவது வாரத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஹிஜாமாவை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வின் முதல் பாதியைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியையும் நோயாளி கேட்டாக வேண்டும். உயர் ரத்த அழுத்தம் எட்டு வாரத்தோடு முடிகிற நோய் அல்லவே.

அந்த முதல் பாதியையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தனக்குக் கோப்பை வைக்கிறார்கள் என்பது முதுகைக் காட்டிப் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், போலிக் கோப்பையை நம்ப வைப்பது கடினம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தவர் அரை மணி நேரம் அசையாமல் குப்புறப் படுத்து, ஒருவர் அக்கறையாகப் பேச்சுக் கொடுத்து முதுகைத் தொட்டுக் கவனித்தால், கோப்பையே வைக்காவிட்டாலும் அழுத்தம் சற்று இறங்கும். எழுந்ததும் கருவியைக் கட்டிப் பார்த்து, ‘170 இருந்தது 150 ஆகிவிட்டது’ என்று காட்டினால் யாருக்கும் நம்பிக்கை வரும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அடுத்த வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது.

இதோடு ‘கெட்ட ரத்தம்’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. கோப்பையில் கறுத்துக் கட்டியாய்த் திரண்டு கிடப்பதைக் காட்டி, இதுதான் பிரஷருக்குக் காரணம் என்கிறார்கள். அது தோலின் நுண்குழாய்களிலிருந்து கசிந்து, வெளியே வந்ததும் உறைந்த சாதாரண ரத்தம். உடம்பில் எங்கே கீறி எடுத்து வைத்தாலும் அப்படித்தான் உறையும். ரத்தத்தை நிறையவே வெளியேற்றினால் அழுத்தம் குறையலாம் என்பதற்குச் சில சான்றுகள் உண்டு. ஜெர்மனியில் 64 பேரிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டு முறைப்படி ரத்தம் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 148இலிருந்து 130 வரை இறங்கியது. அங்கே எடுத்தது ரத்த தானத்தின் அளவு. கோப்பையில் சேர்வதோ அதில் சிறு பங்கு.

ரத்தம் எடுப்பது என்றால் இந்த வட்டாரத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. விடியும் முன் மில் வேனில் ஏறி, காலைச் சாப்பாட்டை டீயும் பன்னுமாக முடிக்கும் பெண்களுக்கு ‘உடம்பில் ரத்தம் அதிகம், அதனால்தான் பிரஷர்’ என்று சொல்லிக் கீறினால் அது எவ்வளவு கொடுமை! ஹீமோகுளோபின் பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் ஈர முறை செய்யக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கும் இது வேண்டாம். கீறும் பிளேடும் கோப்பையும் ஒருவருக்கு ஒருமுறைதான். கழுவித் திரும்பப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

மாத்திரை பக்கம் சான்று எப்படி இருக்கிறது? 1945 ஏப்ரல் 12இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக் கசிவால் இறந்தபோது, அவருடைய உயர் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்க உருப்படியான மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. உலகத்தின் மிகச் சக்திவாய்ந்த மனிதருக்கே அன்று அந்த நிலை. 1967இல் அமெரிக்க ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரீஸ் குழுவினர் நடத்திய ஆய்வு வெளிவந்தது. கடுமையான அழுத்தம் உள்ள 143 ஆண்களில் ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்குப் போலி மாத்திரை. பக்கவாதம், மரணம் போன்ற பெரும் பாதிப்புகள் போலி மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்கு வந்தன, மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு. அதன் பிறகு லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்தும் இந்த முடிவு மாறவில்லை. பக்கவாதத்தைத் தடுத்ததாகவோ உயிரைக் காத்ததாகவோ இப்படி ஒரு சான்று கோப்பைக்குக் கிடையாது.

அந்த மாத்திரை இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்த திட்டம் இது. ஆனால் அந்தத் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது மூலனூர், தாராபுரம் பக்கத்து வீடுகளில் நடுவயதுக்காரர்கள் திருப்பூரிலோ வெள்ளகோவிலிலோ வேலையில் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் மூத்தவர்களுக்கு மாத்திரை கிடைத்துவிடும், தறியில் நிற்கும் மகனுக்குக் கிடைக்காது. இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கும் கப்பிங் சென்டர்தான் வசதி. இதில் அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி வாசலிலேயே மாதம் ஒருமுறை அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்க நிர்வாகங்கள் இடம் தர வேண்டும். ஏல நாளில் விற்பனைக் கூடத்தில் ஒரு மேசை போட்டுச் செவிலியர் ஒருவரை உட்கார வைக்கச் சுகாதாரத் துறையால் முடியும். பெரிய செலவில்லாத காரியங்கள்தான் இரண்டும்.

உப்பையும் மறக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்கள் சராசரியாகச் சாப்பிடுவது சுமார் 8 கிராம். ஊறுகாயும் மோர்மிளகாயும் பேக்கரிக் காரமும் குறைந்தால் வரும் பலன் எட்டு வாரத்தோடு நிற்காது. மூலனூர் முருங்கைக்குப் பேர்போன ஊர். கீரையும் காயும் தாராளமாகச் சாப்பிடலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முருங்கையையும் மாத்திரைக்கு மாற்றாக்கிவிடக் கூடாது.

தோள் இறுக்கத்துக்கோ மன ஆறுதலுக்கோ கோப்பை வைத்துக்கொள்ள விரும்புபவர் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். வைப்பவர் யுனானியிலோ சித்தாவிலோ இயற்கை மருத்துவத்திலோ முறையாகப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டுப் படுக்க வேண்டும். சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவரிடம் முதுகைக் கொடுக்கக் கூடாது. பதிவு பெற்ற மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிரஷர் என்று வருபவரிடம் முதலில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். அழுத்தத்தை அளந்து எழுதிக் கொடுங்கள். அதே சீட்டில் ‘மாத்திரையை நிறுத்தக் கூடாது’ என்று உங்கள் கையால் எழுதுங்கள். அட்டெனலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறி நெஞ்சுவலி வரலாம் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் முன்னால் படுத்திருப்பவருக்குத் தெரியாது.