விமானத்தில் முன்னுரிமை யாருக்கு? தகுதி அட்டைகளும் மலிவுக் கட்டணங்களும்

பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம், அடிக்கடி பயணம் செய்வோருக்கான தனது திட்டத்தின் விதிகளை 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் தேதி முதல் அடியோடு மாற்றியமைத்தது. அதுவரை பயணத்தின் தூரத்தையும் பயணி அமரும் வகுப்பையும் வைத்துக் கணக்கிடப்பட்டு வந்த தகுதிப் புள்ளிகள், இப்போது அவர் செலவிடும் பணத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. பயணச்சீட்டில் அரசாங்க வரிகள் நீங்கலாக ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. வெண்கலத் தகுதிக்கு 3,500 புள்ளிகள், வெள்ளிக்கு 7,500, தங்கத்துக்கு 20,000. இவற்றை ஒரே ஆண்டுக்குள் சேர்த்தாக வேண்டும்.

வாடிக்கையாளர்களிடமிருந்து கடும் அதிருப்தி எழுந்ததை அடுத்து, ஆண்டில் 25 முறை பறந்தால் வெண்கலம், 50 முறை பறந்தால் வெள்ளி என்ற மாற்று வழியையும் நிறுவனம் சேர்த்துக் கொண்டது. தங்கத்துக்கு அத்தகைய மாற்று வழி அறிவிக்கப்படவில்லை.

ஆண்டுக்கொரு முறையோ, இரண்டாண்டுக்கொரு முறையோ ஊருக்குச் சென்று திரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். லண்டனிலிருந்து சென்னை சென்று திரும்ப வரி நீங்கலாக ஒருவருக்கு 600 பவுண்டுகள் என்று வைத்துக் கொள்வோம். நால்வர் கொண்ட குடும்பம் 2,400 பவுண்டுகள் செலவிடுகிறது. ஆனால் தகுதிப் புள்ளிகள் பயணம் செய்பவரின் பெயரிலேயே சேரும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 600 மட்டுமே. இலவசப் பயணத்துக்கு உதவும் ஏவியோஸ் புள்ளிகளை ஒரே வீட்டில் வசிப்போர் ஒரு கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம். தகுதிப் புள்ளிகளை அவ்வாறு சேர்க்க இயலாது. ஆகவே, குடும்பத் தலைவர் தன் ஊதியத்தில் கணிசமான பகுதியை ஒரே நிறுவனத்திடம் கொடுத்தாலும், வெண்கல அட்டைகூட அந்த வீட்டுக்கு வராது.

ஒரே வகுப்பு, பல விலைகள்

வெளிப்பார்வைக்கு ஒரு விமானத்தில் மூன்று அல்லது நான்கு வகுப்புகளே உண்டு. உண்மையில் சாதாரண வகுப்பு ஒன்றே பல கட்டணப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படுகிறது. அருகருகே அமர்ந்து ஒரே உணவை உண்ணும் இருவரில், ஒருவர் மற்றவரைப் போல் இரு மடங்கு பணம் செலுத்தியிருக்கக் கூடும். அவருடைய சீட்டில் தேதியை மாற்றலாம், ரத்துச் செய்தால் பணம் திரும்பும், கூடுதல் பெட்டி எடுத்துச் செல்லலாம். மற்றவருடைய சீட்டில் இவை எதுவும் இல்லாதிருக்கலாம்.

மேல் வகுப்புக்கு மாற்றப்படும் வாய்ப்பும், அதாவது நாம் வழக்கில் 'அப்கிரேட்' என்று சொல்வதும், இந்த எழுத்தைப் பொறுத்ததே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மிக மலிவான 'லைட்' கட்டணத்தில் பயணச்சீட்டு வாங்கியவர், எத்தனை மைல்கள் கையிருப்பில் வைத்திருந்தாலும் அவற்றைக் கொடுத்து மேல் வகுப்புக்குச் செல்ல முடியாது. அமெரிக்காவின் டெல்டா, யுனைடெட் ஆகிய நிறுவனங்களில், உயர் தகுதி உடையவராயினும் 'பேசிக்' கட்டணத்தில் பயணித்தால் அவருக்கு உரிய இலவச வகுப்பு உயர்வு கிடைப்பதில்லை. டெல்டா இன்னும் ஒரு படி மேலே சென்று, அந்தக் கட்டணத்துக்கு மைல்கள் வழங்குவதையே 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்திக் கொண்டது.

தகுதி அட்டை சில தடைகளைத் தளர்த்தும் என்பது உண்மைதான். விரும்பிய இருக்கையைக் கட்டணமின்றித் தேர்ந்தெடுக்கலாம். தனி வரிசையில் பெட்டிகளை ஒப்படைக்கலாம். ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இடம்பெறும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் தங்கத் தகுதி உடையவருக்கு, எடை முறை நடைமுறையில் உள்ள தடங்களில் 20 கிலோ கூடுதலாக அனுமதிக்கப்படுகிறது. சில மலிவுக் கட்டணங்களுக்கு இது பொருந்தாது. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு வீட்டுத் தராசில் பெட்டியைத் தூக்கித் தூக்கி நிறுத்தும் நம்மவர்களுக்கு, மேல் வகுப்பில் தரப்படும் பானங்களை விட இந்த 20 கிலோவே பெரிது. ஆனால் பணம் திரும்பாத சீட்டை, பணம் திரும்பும் சீட்டாக எந்த அட்டையும் மாற்றிவிடாது.

தூரத்திலிருந்து பணத்துக்கு

அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள் மீதான அரசாங்கக் கட்டுப்பாடு 1978ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. போட்டி கடுமையானது. வாடிக்கையாளரைத் தக்கவைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ஆம் ஆண்டு மே மாதம் மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் பின்தொடர்ந்தது. அன்றைய தத்துவம் எளிமையானது. எவ்வளவு தூரம் பறந்தீர்களோ அவ்வளவு மைல்கள். நியூயார்க்கிலிருந்து ஆசியாவுக்குக் குறைந்த விலைச் சீட்டில் பறந்தவருக்கும் அந்தத் தூரம் முழுதாகக் கணக்கில் சேர்ந்தது.

நெடுந்தூரம் செல்லும், ஆனால் குறைவாகச் செலவழிக்கும் பயணிக்கு இதைவிடச் சாதகமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. புலம்பெயர்ந்தோர் பெரும்பாலும் அந்த வகையினரே. நிறுவனங்களுக்கு இது நட்டமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 2015ஆம் ஆண்டு டெல்டாவும் யுனைடெட்டும், 2016ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸும், கட்டணத்துக்கு ஏற்ப மைல்கள் என்ற முறைக்கு மாறின. ஏர் இந்தியாவும் 2024ஆம் ஆண்டு அதே வழியில் சென்றது.

இந்த மாற்றத்தின் பின்னணியில் வேறொரு வணிகமும் இருக்கிறது. விமான நிறுவனங்கள் மைல்களைக் கடன் அட்டை வழங்கும் வங்கிகளுக்கு விற்கின்றன. 2024ஆம் ஆண்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடமிருந்து டெல்டா பெற்ற தொகை ஏறத்தாழ 740 கோடி டாலர்கள். கொவிட் தொற்றுக் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தனது மைல் திட்டத்தையே அடமானமாக வைத்து 680 கோடி டாலர்கள் கடன் திரட்டியது. விமானங்களை விடவும் அட்டைத் திட்டம் நம்பகமான சொத்து என்று கடன் கொடுத்தவர்கள் கருதினார்கள் போலும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2022ஆம் ஆண்டு முதல், கடன் அட்டையில் மளிகை வாங்கியே தகுதி பெற்றுவிட முடிகிறது. விமானத்தில் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை.

தகுதி பெற்றவர்கள் பெருகினார்கள். அவர்களுக்குக் கொடுப்பதற்கான இருக்கைகளோ குறைந்தன. 2010ஆம் ஆண்டு வாக்கில் டெல்டாவின் உள்நாட்டு முதல் வகுப்பு இருக்கைகளில் பணம் செலுத்தி வாங்கப்பட்டவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை தகுதி உடையோருக்கு இலவசமாகச் சென்றன. இன்று பாதிக்கும் மேற்பட்டவை விற்றுப் போகின்றன. சீட்டு வாங்கிய பிறகு, சில நூறு டாலர்கள் கூடுதலாகத் தந்தால் முன்னே அமரலாம் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வருகிறது. அட்டைக்காரர் காத்திருப்போர் பட்டியலில் இருக்க, அந்த இருக்கை விற்கப்பட்டுவிடுகிறது.

2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் டெல்டா தனது மிக உயர்ந்த தகுதிக்கான ஆண்டுச் செலவு வரம்பை 20,000 டாலர்களிலிருந்து 35,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே, தாங்கள் அளவு மீறிச் சென்றுவிட்டதாக அதன் தலைமை நிறைவேற்று அதிகாரி எட் பாஸ்டியன் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் வரம்பு 28,000 ஆகக் குறைக்கப்பட்டது.

உரிமையா, சலுகையா?

இவ்வாறு விதிகளை மாற்றவும், ஒருவருடைய தகுதியைப் பறிக்கவும் நிறுவனங்களுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சான்று. பின்யாமின் கின்ஸ்பெர்க் என்ற யூத மதகுரு, நார்த்வெஸ்ட் நிறுவனத்தில் உயர் தகுதி பெற்றிருந்தவர். அவர் அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார், திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று கூறி 2008ஆம் ஆண்டு அவருடைய உறுப்புரிமையை நிறுவனம் ரத்துச் செய்தது. நிறுவனம் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். அத்தகைய கோரிக்கைக்கு 1978ஆம் ஆண்டின் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் இடமளிக்கவில்லை என்று 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வாசகம் மீறப்பட்டால் வழக்காடலாம். ஆனால் அந்த வாசகத்தை எழுதுவது நிறுவனம்.

இது சொகுசு பற்றிய விவகாரம் மட்டுமல்ல. யாரை முன்னே அமர்த்துவது என்பதைத் தீர்மானிக்கும் அதே அளவுகோல்கள், யாரைக் கீழே இறக்குவது என்பதையும் தீர்மானிக்கக் கூடும். 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் சிகாகோவில் மருத்துவர் டேவிட் டாவ் விமானத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை உலகமே பார்த்தது. நிறுவன ஊழியர்கள் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. கட்டாயமாக இறக்க வேண்டிய பயணிகளைத் தெரிவு செய்வதற்கு, கட்டணப் பிரிவு, பயணத் தொடர், தகுதி நிலை ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளலாம் என்று யுனைடெட்டின் பயண ஒப்பந்த விதிகள் அப்போது கூறின. மலிவுச் சீட்டு வைத்திருக்கும், அட்டை இல்லாத பயணியே அந்தக் கணக்கில் முதலில் அகப்படுவார்.

இங்கேதான் அரசாங்க விதிகள் குறுக்கிடுகின்றன. கனடாவில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பயணிகள் பாதுகாப்பு விதிகள், விமானத்தில் இடம் போதாதபோது யாருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று குறிப்பிடுகின்றன. தனியே பயணிக்கும் சிறுவர், மாற்றுத் திறனாளியும் அவருடைய உதவியாளரும், குடும்பத்துடன் செல்வோர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். தங்க அட்டை பற்றி அதில் பேச்சில்லை. இடம் மறுக்கப்பட்டவருக்கு, சென்று சேரும் தாமதத்தைப் பொறுத்து 900 முதல் 2,400 கனடிய டாலர்கள் வரை நிறுவனம் இழப்பீடு தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் இலக்க ஒழுங்குவிதியும், பிரித்தானியா தன் சட்டத்தில் தொடர்ந்து வைத்திருக்கும் அதன் வடிவமும், இழப்பீட்டைக் கட்டணத்தின் அடிப்படையில் அல்லாமல் தூரத்தின் அடிப்படையில் வரையறுக்கின்றன. மைல்களைக் கொடுத்துப் பெற்ற இலவசச் சீட்டுக்கும் அது பொருந்தும். வாங்கிய வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்கு இறக்கப்பட்டால், நெடுந்தூரப் பயணத்தில் அந்தப் பகுதிக்கான கட்டணத்தில் 75 வீதம் திருப்பித் தரப்பட வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரிஸிலிருந்து வளைகுடா நிறுவனம் ஒன்றில் சென்னைக்கோ கொழும்புக்கோ புறப்படுபவருக்கு இந்த ஐரோப்பியப் பாதுகாப்பு உண்டு. அதே நிறுவனத்தில் திரும்பி வரும்போது அது கிடையாது. திரும்பும் வழியிலும் அது கிடைக்க வேண்டுமானால், பயணம் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் விமானத்தில் அமைய வேண்டும்.