எங்கே நிறுத்துவது?

ராஜபாளையத்தில் இரவெல்லாம் கணினியில் ஃப்ராக்டல் வரைபவருக்கு ஒரே விதி போதும். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, மாறிலி ஒன்றைக் கூட்டி, விடையை மீண்டும் அதே விதிக்குள் இட வேண்டும். விளிம்பை எத்தனை முறை பெரிதாக்கினாலும் முதல் உருவத்தின் சாயல் எழும். பிறவியும் இப்படித்தானோ என்று மனம் அலையத் தொடங்கும் (தூக்கம் கெட்டால் வேதாந்தம் தானே வரும்).

எனக்கு இந்த முடிவிலியில் நம்பிக்கை இல்லை. அருகே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தன்னையே சிறிதாக்கிக்கொண்டு ஏறி, 11 நிலைகளில் நின்றுவிடுகிறது. கோலமும் அவ்வாறே. மாண்டெல்பிராட் 'ஃப்ராக்டல்' என்ற சொல்லை உருவாக்கியது 1975இல். 1974இலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிரிதிவாசனுடனும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கட்டுரை எழுதியிருந்தார். அவ்விதிகளின்படி சில கோலங்கள் வளர்ந்துகொண்டே போகலாம். போடுகிற பெண்ணோ வாசலின் அகலம் பார்த்து நிறுத்துகிறாள். மார்கழி வெயில் ஏறுமுன் அதுவும் கால்பட்டுக் கலைந்துவிடும்.

கணினியிலும் இத்தனை சுற்று போதும் என்ற எண்ணை வரைபவரே இடுகிறார். அதற்குள் எல்லை தாண்டி ஓடாத புள்ளிகளே படத்தில் கறுப்பாக நிற்பவை. இன்னும் சில சுற்றுகள் விட்டிருந்தால் அவற்றிலும் சில ஓடியிருக்கும்.