இயல்பு மதிப்பு யாருடைய தீர்ப்பு?

“பொத்தானை அழுத்தினால் 1, விட்டால் 0. இதில் மொழியியல் படித்தவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது?” ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் பொறியியல் ஆய்வாளர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கேள்வியில் ஏளனம் இல்லை. ஐயமற்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் இங்கே மறுக்கிறேன்.

ஸ்விட்சின் நிலையை எந்த மின்சுற்றும் நேரில் காண்பதில்லை. அதன் வழியே ஒரு மின்னோட்டத்தைச் செலுத்த முயல்கிறது. அங்கே எழும் மின்னழுத்தத்தை ஓர் எல்லையோடு ஒப்பிடுகிறது. தரையோடு இணையும் ஸ்விட்சில், எல்லைக்குக் கீழே இருந்தால் ‘மூடியது’, மேலே இருந்தால் ‘திறந்தது’. எல்லை 4 வோல்ட், மின்னோட்டம் 10 மில்லியாம்பியர் என்று வைத்தால், 400 ஓமுக்குக் குறைந்த தடை எல்லாம் ‘மூடியது’ ஆகும். மின்னோட்டத்தை 2 மில்லியாம்பியராகக் குறைத்தால் அந்தக் கோடு 2,000 ஓமுக்கு நகர்ந்துவிடும். 1,000 ஓம் தடையுள்ள ஒரே ஸ்விட்ச், 12 வோல்ட் வாகனத்தில், முதல் அமைப்பில் 10 வோல்ட் காட்டித் ‘திறந்தது’ ஆகிறது. இரண்டாவதில் 2 வோல்ட் காட்டி ‘மூடியது’ ஆகிறது. ஸ்விட்சில் எதுவும் மாறவில்லை. மாறியது நாம் எழுதிய எண்.

1,000 ஓம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கட்கியில் ஆனி, ஆடி மழையில் வண்டி ஓட்டியவர்கள் கேட்கமாட்டார்கள். சேற்றுநீர் புகுந்த ஸ்விட்ச் திறந்திருக்கும்போதே மின்னோட்டத்தைக் கசியவிடும். மாறாக, வெள்ளித் தொடுமுனையில் சல்பைடு படலம் படிந்திருந்தால், மூடிய ஸ்விட்சும் தடை காட்டும். ஒரே தடை மதிப்பு; பின்னால் இருக்கும் உண்மைகளோ நேர் எதிரானவை.

இந்தப் படலத்தைக் கடப்பதற்காகச் செலுத்தப்படுவதே ‘வெட்டிங் கரண்ட்’. மாணவர் குறிப்பேடுகளில் இதை ‘ஈரமாக்கும் மின்னோட்டம்’ என்று எழுதிவைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். படிப்பவர் தண்ணீரைத் தேடிப் போவார். தொலைபேசித் துறையில் நேர்மின்னோட்டம் ஓடாத கம்பியிணை ‘உலர்ந்தது’, ஓடுவது ‘நனைந்தது’. அதே வேலையைச் செய்யும் மின்னோட்டத்தை அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் ‘சீலிங் கரண்ட்’ என்று முத்திரையிடுதலோடு சேர்த்து அழைத்தனர். ‘படலமுடைப்பு மின்னோட்டம்’ எனலாமே என்றால், அதுவும் பாதியே சரி. படலத்தை முதலில் துளைப்பது மின்னழுத்தம்; உருவான உலோகப் பாலத்தை அகலமாக்குவதே மின்னோட்டத்தின் பணி. மின்தொடுமுனை ஆய்வின் முன்னோடி ராக்னர் ஹோமின் நூலில் இது விரிவாகவே உள்ளது. பெயரில் ‘மின்னோட்டம்’ மட்டும் இருப்பதால் மின்னழுத்தத்தை மறந்துவிடுகிறோம்.

‘அப்படியானால் அதிகமாகச் செலுத்துங்கள்’ என்பது அடுத்த சோம்பல். மெல்லிய தங்கப் பூச்சுள்ள தொடுமுனைக்குச் சிறு மின்னோட்டமே போதும். மிகுதியானால் ஒவ்வொரு திறப்பிலும் எழும் பொறி பூச்சையே தின்றுவிடும். 24 ஸ்விட்சுகளுக்குத் தலா 10 மில்லியாம்பியர் விடாமல் ஓடினால் மொத்தம் 240. நிறுத்திவைத்த வண்டியின் 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஏழு நாளுக்குள் காலி. அதனால்தான் என்எக்ஸ்பியின் எம்சி33978 போன்ற சில்லுகள் 20 மில்லிநொடிக்குப் பின் மின்னோட்டத்தை 2 மில்லியாம்பியராகக் குறைக்க வழிசெய்கின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐசி12400, மின்னோட்டத்துக்கு 0, 1, 2, 5, 10, 15 மில்லியாம்பியர் என ஆறு தெரிவுகளும், எல்லைக்கு 2, 2.7, 3, 4 வோல்ட் என நான்கும் தருகிறது. பூச்சியத்தை விட்டுப் பார்த்தால், ‘மூடியது’ என்பதன் பொருள் 133 ஓமிலிருந்து 4,000 ஓம் வரை, முப்பது மடங்கு விரிகிறது. தயாரிப்பாளர் தெரிவை நம் கையில் கொடுத்துவிட்டார். நாமோ மாதிரி நிரலில் இருந்த எண்ணை நகலெடுத்துவிட்டு ‘இயல்பு மதிப்பு’ என்கிறோம். உங்கள் தொடுமுனை வெள்ளியா தங்கமா என்று அந்த மாதிரியை எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

இனி மொழியியலுக்கு வருகிறேன். 1964இல் லிஸ்கரும் ஆப்ரம்சனும் 11 மொழிகளின் சொல்முதல் வெடிப்பொலிகளை ஒலிப்புத் தொடக்க நேரத்தால் அளந்தார்கள். தமிழும் உண்டு, இங்கே என்னைச் சுற்றி ஒலிக்கும் மராத்தியும் உண்டு. தமிழ் இரண்டு வகையாகப் பிரித்ததை மராத்தி நான்காகப் பிரித்தது. ஓர் அளவுகோலின் மீது எல்லைக்கோடு எங்கே விழும் என்பதை ஒலியலை சொல்வதில்லை, மொழி சொல்கிறது. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு இதனினும் முக்கியமானது: இந்தி, மராத்தியின் ஒலிப்புடை மூச்சொலிகளை அந்த ஒரே அளவால் தெளிவாகப் பிரிக்க முடியவில்லை. கசியும் திறந்த ஸ்விட்சையும் படலம் படிந்த மூடிய ஸ்விட்சையும் தடை என்ற ஒற்றை அளவால் பிரிக்க முடியாததும் இதைப் போன்றதே. ஒலியியலார் அதை மறைக்காமல் எழுதினார்கள். நம் ஆய்வேடுகளின் சுற்று விளக்கங்களில் அப்படி ஒரு வரியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டை எங்கே போடுவது என்பது எந்தப் பிழையைப் பொறுப்போம் என்ற கேள்வி. ரயில் சமிக்ஞைத் துறை இதற்கு நெடுங்காலம் முன்பே விடை சொல்லிவிட்டது: ஐயம் வந்தால் சிவப்பு. பிரேக் விளக்கு ஸ்விட்சில் ஐயம் வந்தால்? விளக்கு வீணாக எரிவதா, பின்னால் வருபவர் அறியாமல் மோதுவதா? தாபோடிப் பாலத்தைக் கடந்து பிம்ப்ரி-சிஞ்ச்வட் செல்லும் நெரிசலில் இது தத்துவக் கேள்வியாக இருக்காது.

நம் துறைக்கும் இதில் பங்குண்டு. உளமொழியியலில் 20 மில்லிநொடி வேறுபாட்டின் மேல் கோட்பாடுகளைக் கட்டுகிறோம். பதில்பெட்டியின் ரப்பர்ப் பொத்தானில் கரித்துண்டின் தடை, விரல் அழுத்த அழுத்தக் குறைகிறது. எல்லை 400 ஓமில் இருந்தால், 2,000 ஓமில் இருப்பதைவிடத் தாமதமாகவே ‘அழுத்தப்பட்டது’ என்று பதிவாகும். மெதுவாக அழுத்தும் முதியவருக்கும் சட்டென அழுத்தும் மாணவருக்கும் அந்தத் தாமதம் சமமாக இராது. அதை ‘முதுமையில் சொல்லறிதல் மந்தம்’ என்று எழுதிவிடலாம்; யாரும் கேட்கப் போவதில்லை.

கேட்க வேண்டும். தொடுமுனை எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு மின்னோட்டம், எந்த எல்லை, எத்தனை மில்லிநொடி வடிகட்டல், எந்தப் பிழையைத் தவிர்க்க இவை தேர்ந்துகொள்ளப்பட்டன: பின்னிணைப்பில் மூன்று வரி போதும். அவை இல்லாத பதில்நேர அட்டவணையைப் பொறியியல் துறையாயினும் மொழியியல் துறையாயினும் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பட்டும்.