எண்ணிக்கை சரி, மரங்கள் சரியா?

செம்பனைத் தோட்டத்தின் மேலே டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்து, அதில் எத்தனை மரங்கள் என்று கணினியை எண்ண வைப்பது இப்போது பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழகிய பயிற்சி. சென்ற பருவத்தில் எங்கள் குழுவும் செய்தது. ஒன்றரை ஹெக்டேர் நிலம். நாங்கள் நடந்து எண்ணியது 212 மரங்கள். எங்கள் நிரல் சொன்னது 211. ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டோம்.

அந்தப் படத்தைத் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்ற என் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், "இத ஏம்மா விட்டுட்டீங்க? இதுவும் மரந்தானே" என்று விரலை வைத்தார். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். நிரல் 9 மரங்களை விட்டிருந்தது. வாய்க்கால் ஓரப் புதர்களில் 8 இடங்களை மரம் என்று சேர்த்திருந்தது. கூட்டியும் கழித்தும் கணக்கு நேராகிவிட்டது!

இது ஏன் நடக்கிறது? மேலிருந்து பார்த்தால் மரம், புல், பெரணி எல்லாமே பச்சை. நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் வடிவத்தைத் தேடுகிறோம். செம்பனையின் மட்டைகள் நடுக் குருத்தைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். ஒரே ஆண்டில் நட்டவை என்பதால் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒரு நல்ல மரத்தை மாதிரியாக எடுத்து, படம் முழுவதும் நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று பார்க்கலாம். முக்கோண முறையில் 9 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 143 மரங்கள் வரும். எனவே 3 மீட்டர் தள்ளி இன்னொரு மரம் தெரிந்தால் அது பொய் என்று தள்ளிவிடலாம். எங்கள் நிரல் செய்தது இவ்வளவுதான். இதே முறையைப் பெரியதும் சிறியதுமாகத் தலைகள் பின்னிக் கிடக்கும் மழைக்காட்டின்மேல் வைத்தால் ஒன்றும் தேறாது.

விட்டுப்போன 9 மரங்களில் ஐந்து, பக்கத்து மரத்தோடு மட்டை கோத்தவை. இரண்டு மேக நிழலில் இருந்தன. மீதி இரண்டைப் பற்றித்தான் தாத்தா, "சீக்கு மரம். குருத்து விரியல பாரு" என்றார். போய்ப் பார்த்தோம். அடித்தண்டில் கானோடெர்மா காளான். இந்த நோய் வந்தால் குருத்துகள் விரியாமல் நிற்கும். கீழ் மட்டைகள் ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் சுருங்கிப்போகும். நல்ல மரத்தை மாதிரியாகக் கொடுத்துவிட்டு நோயுற்ற மரத்தைக் கண்டுபிடி என்றால் நிரல் என்ன செய்யும்? தோட்டக்காரர் முதலில் பார்க்கவேண்டிய மரங்களையே அது கைவிட்டுவிட்டது.

"ஆழ்கற்றல் இருக்கும்போது இந்தப் பழைய முறை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சஹாரா, சாஹேல் பகுதிகளில் 180 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை அடையாளம் கண்ட 2020ஆம் ஆண்டு ஆய்வும் ஆழ்கற்றல்தான். ஆனால் அதற்கு முன்பு ஏறக்குறைய 90,000 மரத்தலைகளை மனிதர்கள் கையால் வரைந்து கொடுத்திருந்தார்கள். நாம் எதை மரம் என்று வரைந்து காட்டுகிறோமோ, அதைத்தான் இயந்திரமும் மரம் என்று கற்றுக்கொள்கிறது.

ஆகவே திட்ட அறிக்கைகளில் "துல்லியம் 99 விழுக்காடு" என்று ஒரே எண்ணைப் போடும் பழக்கத்தை நாம் விடவேண்டும். விட்டவை எத்தனை, பொய்யாகச் சேர்த்தவை எத்தனை என்று தனித்தனியே எழுதவேண்டும். விட்டவை எவை என்று நேரில் போயும் பார்க்கவேண்டும். விரிவுரையாளர்களும் போட்டி நடுவர்களும் முதலில் இதைக் கேட்டால் நன்றாக இருக்கும். வெயிலில் அரை நாள் போகும், அட்டையும் கடிக்கும், பரவாயில்லை.

எங்கள் அறிக்கையைத் திருத்தி, 211க்குக் கீழே 9, 8 என்று இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்துவிட்டோம். மதிப்பெண் இன்னும் வரவில்லை.