கட்டிலில் இருப்பவருக்கும் பணி உண்டு



மாலை வேளைகளில் வார்டுகளில் ஜெபித்துச் செல்லும்போது எங்கள் செவியில் அடிக்கடி விழும் சொல் ஒன்று உண்டு: "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்." வலிக்கு மருந்து எழுதித் தர மருத்துவர் இருக்கிறார். இந்தச் சொல்லுக்கோ, "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள், ஓய்வெடுங்கள்" என்பதே நாம் வழக்கமாகத் தரும் மறுமொழி. அது போதாது என்பது எங்கள் கருத்து.

டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்வு இதற்குச் சான்று. 1925ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே பணியில் அமர்ந்தவர் அவர். 1954 ஜனவரியில் நேர்ந்த சாலை விபத்தில் அவரது முதுகுத்தண்டு முறிந்தது; கால்கள் செயலற்றுப் போயின; முகமும் காயப்பட்டது. அப்போது அவருக்கு வயது 28.

அதே கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் மேரிக்கு ஆறுதல் மட்டும் கூறிச் செல்லவில்லை. ஒரு வேலையைக் காட்டினார். கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர் அமர்ந்தபடியே செய்யலாம் அல்லவா? நரம்பு பழுதுபடாத தசையொன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்துவதே அச்சிகிச்சை. அதன்பின் அந்த நாண் புதிய வேலையைக் கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே மேரி அப்பணியை ஏற்றார். தொழுநோயாளிகளை வீடும் ஊரும் விலக்கி வைத்த காலம் அது. தங்களைப் போலவே உடல் ஊனமுற்ற ஒருவர் தங்கள் கையைத் தம் கையில் ஏந்தியதைக் கண்டு அவர்கள் தைரியம் கொண்டார்கள்.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986இல் மறைந்தார்.

துணிவு வந்தபின் பணிக்குச் செல்லலாம் என்று காத்திருப்பவர்கள் நம்மில் பலர். மேரியின் வாழ்வில் வரிசை மாறியிருந்தது என்றே நாங்கள் எண்ணுகிறோம். பணி முதலில் வந்தது. துணிவு அதன் பின்னே வந்தது.

இக்கதையைக் கோலாக்கி நோயாளியை அடிப்பவர்களும் உண்டு. "தேவன் இதற்காகவே உமக்கு இந்நோயைத் தந்தார்" என்று கட்டிலருகே நின்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஊழியம் செய்யும் எங்களுக்கும் இல்லை. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, அவர்கள் தேடிய குற்றவாளியை ஆண்டவர் காட்டித்தரவில்லை. அதுபோலவே, நினைவிழந்து கிடப்பவரும் மூச்சுக் கருவியின் துணையில் இருப்பவரும் எதையும் செய்தாக வேண்டியதில்லை. ஆண்டவர் கால்களைக் கழுவ வந்தபோது மறுத்த பேதுரு, பெற்றுக்கொள்ளவும் கற்க வேண்டியிருந்தது. மனிதரின் மதிப்பு அவர் செய்யும் வேலையின் அளவில் இல்லை என்பதே நம் விசுவாசம்.

ஆயினும் செய்ய இயன்றவரிடமிருந்து அனைத்தையும் பறித்துவிடுகிறோமே, அதைக் குறித்தே எங்கள் வருத்தம். பக்கவாதத்தால் வலக்கை விழுந்துபோன ஒரு பாட்டியம்மா எங்கள் வார்டில் இருந்தார். அடுத்த கட்டிலில் இருந்தவருக்குத் துணை யாருமில்லை. அவருக்கு ஏறும் சலைன் பாட்டில் எப்போது முடியும் என்று கண்காணித்து, இடக்கையால் மணியை அழுத்துவதைப் பாட்டியம்மா தம் பொறுப்பாக்கிக்கொண்டார். "நீ சும்மா படும்மா, அதெல்லாம் சிஸ்டர் பார்த்துப்பாங்க" என்று மகள் கடிந்துகொண்டார். அன்பினால் சொன்னதுதான், எனினும் அந்த மகளைத் தனியே அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்துப் பாட்டியம்மா எங்களிடம் ஒரு சீப்புக் கேட்டார். அதுவரை அவருக்குத் தலை வாரியவர் மகளே.

பக்கத்துக் கட்டிலுக்காக ஜெபிப்பது, புதிதாக வந்தவருக்கு ஸ்கேன் அறைக்கு வழி சொல்வது, பேரனின் பாடத்தைக் கேட்டுத் திருத்துவது ஆகியவை மருத்துவர் அனுமதிக்கும் அளவில் எவராலும் இயலும். குடும்பத்தினரே, வீட்டுக் காரியங்களை அவரிடமிருந்து மறைக்காதீர்கள். நாளைக் காலை பிளாஸ்க்குடன் வரும்போது வீட்டு வரவுசெலவு நோட்டையும் ஒரு பேனாவையும் எடுத்து வாருங்கள். அவர் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, நோட்டை அவர் மடியில் வையுங்கள்.