எந்தக் காலத்துக்குத் திருப்பணும்?

பழைய கட்டடத்தைப் பார்த்தாலே சிலருக்குக் கை அரிக்கும். "அந்தக் காலத்துல இருந்த மாதிரியே ஆக்கிடணும்"னு கிளம்பிடுவாங்க. எந்தக் காலம்னு கேட்டுப் பாருங்க, திருதிருன்னு முழிப்பாங்க.

இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றோரம், லெச்லேட் பக்கத்துல இங்கிள்ஷாம்னு ஒரு சின்ன இடம். அங்கே இருக்கிற யோவான் ஸ்நானகன் தேவாலயம் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே சுவர் முழுக்க ஓவியமும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றா. சில இடத்துல ஏழு அடுக்காம்! 13-லிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் வரைஞ்சிருக்காங்க, பூசியிருக்காங்க, மறுபடி எழுதியிருக்காங்க.

விக்டோரியா காலத்து ஆளுங்க இப்படிப்பட்ட சுவர்களைச் சுரண்டி எடுத்து, பழைய இருக்கைகளைத் தூக்கிப் போட்டு, புத்தம்புதுசா ஒரு 'இடைக்காலம்' செஞ்சு வெச்சாங்க. இதைப் பார்த்து வெறுத்துப் போய்த்தான் வில்லியம் மோரிஸ் 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பிச்சார். 'சுரண்டல் எதிர்ப்பு'ன்னு அதுக்குச் செல்லப்பேர் வேற :-) பக்கத்துக் கெல்ம்ஸ்காட்டில்தான் அவருக்கு வீடு. 1888-89-ல் இந்தத் தேவாலயத்தைப் பழுதுபார்க்க அவர்தான் முன்னின்றார். உடைஞ்சதைச் சரி பண்ணு, மத்ததுல கை வைக்காதே, அவ்வளவுதான் கொள்கை. பெட்டி மாதிரி அடைச்ச பழைய மர இருக்கைகள் தப்பிச்சது அப்படித்தான்.

"மேலே இருக்கிற வெறும் வசனத்தை எடுத்தா அடியில அருமையான ஓவியம் கிடைக்குமே"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான ஆசைதான். ஆனா ஆறாம் எட்வர்டு காலத்துல (1547-53) அரசு ஆணைப்படி நாடு முழுக்கப் படங்கள் மேல சுண்ணாம்பு அடிச்சாங்க. படத்தைப் பார்த்துக் கும்பிட்டவங்க பரம்பரை எழுத்தைப் பார்த்துக் கும்பிட ஆரம்பிச்ச கதையே அந்த மேல் அடுக்குலதான் இருக்கு. அதைச் சுரண்டினா, சண்டையில ஒரு கட்சியோட சாட்சியை மட்டும் அழிக்கிற மாதிரி. போனா போனதுதான்.

சும்மா விடறதுன்னா செலவில்லைன்னு நினைச்சுடாதீங்க. வழக்கமான வழிபாடு நின்னுபோய், இப்போ தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை இதைப் பார்த்துக்குது. கூரை ஒழுகினா ஏழு அடுக்கும் சேர்ந்து உரியும்.

இன்னொண்ணு. அங்கே சாக்ஸன் காலத்துத் தாயும் சேயும் சிற்பம் ஒண்ணு இருக்கு. பின்னாடி வந்த எவரோ அதுல கோடு கீறி வெயில் கடிகாரமா ஆக்கிட்டாங்க. 'பழையபடி' ஆக்கணும்கிறவங்க அந்தக் கீறலை என்ன பண்ணுவாங்களாம்?